ஒரே படத்தில் இரண்டு இடத்தில் நின்ற மாணவன்

குமரி மாவட்டத்தில் கோதையாற்றின் குறுக்கே அமைந்திருக்கிறது பேச்சிப்பாறை அணை. திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில், மிஞ்சின் என்ற ஐரோப்பியப் பொறியாளரின் மேற்பார்வையில், 1897-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட அணை இது. நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு நீர் தரும் இந்த அணையைப் பார்க்க எங்கள் கல்லூரியின் இயற்பியல் மாணவர்கள் நாற்பது பேரை ஒருமுறை அழைத்துச் சென்றிருந்தேன்.

திரும்பும் நேரத்தில் எல்லாரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். நாற்பது பேரும் ஒரே படத்தில் அடங்கவில்லை. ஆகவே அவர்களை என்னைச் சுற்றி வில்போல வளைந்து நிற்கச் சொன்னேன். கைப்பேசியை அகலப்படம் எடுக்கும் நிலையில் வைத்து, இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை மெதுவாகத் திருப்பினேன். சுமார் 15 விநாடியில் வேலை முடிந்தது. பின்னால் மலை, முன்னால் மாணவர்கள். படம் அழகாக வந்திருந்தது.

இரண்டு நாள் கழித்து ஒரு மாணவனின் பாட்டி என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். போனேன். படத்தை அச்சிட்டு வைத்திருந்தார்கள். பாட்டியின் விரல் முதலில் இடக்கோடியைத் தொட்டது. அங்கே அவருடைய பேரன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பிறகு விரல் வலக்கோடிக்குப் போயிற்று. அங்கேயும் அதே பேரன், அதே சட்டை, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி நின்றான்!

“எனக்க பேரன் ஒருத்தன்தானே சாரே? படத்துல ரெண்டாளா நிக்கானே. அவனுக்கு ஒண்ணும் வந்துராதே?” என்று கேட்டார் பாட்டி. குரலில் கேலி இல்லை. உண்மையான பயம் இருந்தது.

பேரன் கதவுக்குப் பின்னால் நின்று நெளிந்துகொண்டிருந்தான். குறும்பு செய்தவன் அவன். படம் எடுத்தவனோ நான், அதுவும் இயற்பியல் கற்பிக்கிறவன்! எனக்கே தெரியாமல் இது எப்படி நடந்தது?

வாசகர்களே, பிறர் எடுக்கும் படத்தில் அழையாமல் நுழையும் குறும்பை நீங்களும் பார்த்திருப்பீர்கள். செய்தும் இருப்பீர்கள். ஆங்கிலத்தில் இதற்குப் ‘போட்டோபாம்’ என்று பெயர். படத்துக்குள் வந்து விழும் வெடிகுண்டு என்பது போன்ற பொருள். காலின்சு அகராதியினர் 2014-ஆம் ஆண்டின் சொல்லாக இதையே தேர்ந்தெடுத்தார்கள். சொல் புதியது. குறும்போ புகைப்படக் கலை தோன்றிய நாளிலிருந்து இருந்து வருகிறது. இதில் வேடிக்கை மட்டும் இல்லை. ஒளியைப் பற்றியும் காலத்தைப் பற்றியும் நல்ல பாடமும் அடங்கியிருக்கிறது.

படம் ஒரு கணத்தைக் காட்டுகிறதா?

புகைப்படம் என்பது ஒரு கணத்தைப் பிடித்து நிறுத்துவது என்று நாம் நினைக்கிறோம். இது சரியன்று. எந்தப் படத்துக்கும் சிறிது காலம் வேண்டும். அந்தக் காலம் மிகக் குறைவாக இருக்கலாம், ஆனால் சுழி ஆகாது.

மழை பெய்யும்போது முற்றத்தில் நெருக்கமாகச் சிறுசிறு கலயங்களை வைத்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். எந்தக் கலயத்தில் எவ்வளவு துளி விழுந்தது என்பதை மழை நின்ற பிறகுதான் அளக்கிறோம். காமிராவுக்குள் இருக்கும் பிலிமோ, இக்காலத்து மின்னணுத் தகடோ இந்தக் கலயங்களின் வரிசையே. ஒளிதான் மழை. காமிராவின் கதவு, அதாவது ஷட்டர், திறந்திருக்கும் நேரம் முழுவதும் ஒவ்வொரு கலயமும் தன்மேல் விழும் ஒளியைச் சேர்க்கிறது. கதவு மூடிய பின்னர் கூட்டுத்தொகை மட்டுமே மிஞ்சுகிறது. எந்தத் துளி முதலில் விழுந்தது, எது பிறகு விழுந்தது என்ற கணக்கு அதில் இல்லை.

நல்ல வெயிலில் கைப்பேசி ஒரு சாதாரணப் படத்தை எடுக்க விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடும் மாணவன் அதற்குள் 3 மில்லிமீட்டர்தான் நகர்வான். ஆகவே அவன் உருவம் தெளிவாக விழுகிறது. ஆனால் இதே நேரம் சில விநாடியாக, சில நிமிடமாக நீண்டால் என்ன ஆகும்?

1838-இல் பாரிசு நகரத்தில் தாகேர் என்பவர் தம் சன்னலிலிருந்து ஒரு பெருந்தெருவைப் படமெடுத்தார். பகல் நேரம். வண்டிகளும் மனிதர்களும் நிறைந்திருந்த தெரு அது. படத்திலோ தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது! அந்தக் காலத்துத் தகட்டில் உருவம் பதிய ஒளி சில நிமிடங்கள் விழவேண்டும். அதை 5 நிமிடம், அதாவது 300 விநாடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு குதிரை வண்டி தகட்டின் ஒரு புள்ளியை ஒரு விநாடியில் கடந்துவிட்டால், அந்தப் புள்ளியில் சேரும் ஒளியில் வண்டியின் பங்கு 300-இல் 1 தான். மற்ற 299 பங்கும் சாலையிலிருந்து வருவது. எனவே வண்டி மறைந்து சாலை மட்டும் தெரிகிறது.

ஆனால் படத்தின் ஒரு மூலையில் ஒரு மனிதர் தெரிகிறார். காலணிக்கு மெருகு போட்டுக்கொள்வதற்காக ஒரு காலை உயர்த்தி வைத்து அசையாமல் நின்றிருந்தார். அவரும் அவருக்கு மெருகு போட்டவரும் மட்டும் தகட்டில் பதிந்தார்கள். மனித உருவம் பதிந்த மிகப் பழைய புகைப்படமாக இது கருதப்படுகிறது. அந்த இருவரையும் யாரும் படத்துக்கு அழைக்கவில்லை. தாங்கள் படத்தில் இருப்பது அவர்களுக்கே தெரியாது. புகைப்படத்தில் முதலில் தோன்றிய மனிதரே அழையாமல் வந்தவர்தான்!

பேய்ப்படம் செய்த இயற்பியலார்

நெடுநேரம் நின்றால் உருவம் விழும், நில்லாமல் கடந்தால் விழாது. இரண்டுக்கும் நடுவில், பாதி நேரம் நின்றால்?

ஒளியின் முனைவாக்கம் பற்றிப் படிக்கும் மாணவர்கள் புரூஸ்டர் கோணத்தை அறிவார்கள். அந்த டேவிட் புரூஸ்டர்தான், 1856-இல் வெளியிட்ட நூல் ஒன்றில், இக்கேள்விக்கு விடை சொன்னார். ஒரு குடும்பத்தைப் படமெடுக்கும்போது ஒருவர் சில விநாடி மட்டும் அவர்கள் நடுவில் வந்து நின்று சட்டென்று விலகிவிட்டால், அவர் உருவம் கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும், பேய் வந்தது போன்ற வேடிக்கைப் படம் கிடைக்கும் என்று அவர் விளக்கினார்.

கணக்கைப் பாருங்கள். படத்துக்கு மொத்தம் 20 விநாடி. குறும்புக்காரர் நின்றது 5 விநாடி. அவர் நின்ற இடத்தில் விழும் ஒளியில் கால் பங்கு அவரிடமிருந்தும் முக்கால் பங்கு அவருக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்தும் வருகிறது. ஆகவே சுவர் நன்றாகத் தெரிகிறது. அதன்மேல் மங்கலாக ஒரு மனித உருவம் மிதக்கிறது. இதுதான் பேய்! இப்படிப்பட்ட படங்கள் அக்காலத்தில் வீட்டுப் பொழுதுபோக்காக விற்பனைக்கு வந்தன. வாங்கியவர்கள் சிரித்தார்கள். செய்தவர்கள் எதையும் மறைக்கவில்லை.

ஆனால் எல்லாரும் அப்படி நேர்மையாக இருக்கவில்லை. 1860-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் மம்லர் என்பவர், இறந்துபோன உறவினரின் ஆவி உங்கள் படத்தில் வந்து நிற்கும் என்று சொல்லிப் படமெடுத்தார். அது உள்நாட்டுப் போர்க் காலம். மகனை இழந்த தாயும் கணவனை இழந்த மனைவியும் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். சாதாரணப் படத்தைப் போலப் பன்மடங்கு பணம் கொடுத்து அவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். முதுகுக்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்த உருவத்தில் தாம் இழந்தவரின் முகத்தைக் கண்டு அழுதார்கள். பின்னர் அந்த ‘ஆவி’களில் சில, அதே ஊரில் உயிரோடு நடமாடியவர்களின் உருவங்கள் என்று சிலர் கண்டுகொண்டதாகப் பேச்சு எழுந்தது!

1869-இல் நியூயார்க் நகரில் மம்லர்மீது வழக்கு நடந்தது. ஒரே தகட்டில் இருமுறை படமெடுக்கலாம், ஏற்கெனவே உருவம் பதிந்த கண்ணாடியைச் சரியாகக் கழுவாமல் மீண்டும் பயன்படுத்தலாம் என்று புகைப்படக்காரர்கள் வழிகளை அடுக்கினார்கள். காட்சிக்கூடங்கள் நடத்திப் புகழ்பெற்ற பார்னம் என்பவர், தம் பின்னால் ஆபிரகாம் லிங்கனின் ‘ஆவி’ நிற்கும் படம் ஒன்றை ஒரு புகைப்படக்காரரைக் கொண்டே தயாரித்து நீதிமன்றத்தில் காட்டினார். ஆனாலும் மம்லர் எந்த வழியைக் கையாண்டார் என்பதை மெய்ப்பிக்க முடியாததால் அவர் விடுவிக்கப்பட்டார்.

புரூஸ்டரின் படமும் மம்லரின் படமும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றே. முறை தெரிந்தவருக்கு அது வேடிக்கை. தெரியாதவருக்கோ அது கண்ணீரும் பணச்செலவும். பாட்டி என்னிடம் கேட்ட கேள்வியை என்னால் சிரித்துத் தள்ள முடியாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

காமிராவை முந்தி ஓடுவது

இனிப் பேச்சிப்பாறைப் படத்துக்கு வருவோம். அதில் மாணவன் மங்கலாக இல்லை. இரண்டு இடத்திலும் முழு ஆளாகத் தெரிகிறான். ஆகவே இது வேறு வகை.

இந்த வகைக்கும் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1904-இல் அமெரிக்காவில் ‘சர்க்கட்’ என்ற சுழலும் காமிராவுக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. முக்காலியின்மேல் நிற்கும் இந்தக் காமிரா, கடிகாரத்தில் உள்ளதுபோன்ற சுருள்வில்லின் விசையால் தானே மெதுவாகச் சுழலும். உள்ளே ஒரு குறுகிய பிளவு இருக்கும். காமிரா சுழலச் சுழல, நீளமான பிலிம் அந்தப் பிளவைக் கடந்து ஓடும். பிளவின் வழியே எந்த நேரத்திலும் காட்சியின் ஒரு சிறு கீற்று மட்டுமே பிலிமில் விழும். முதற்கீற்றில் இடக்கோடி, கடைசிக் கீற்றில் வலக்கோடி. இடையில் பல விநாடிகள் கழிந்துவிடும்.

பள்ளிகளிலும் படை முகாம்களிலும் நீளமான குழுப்படங்களை எடுக்க இத்தகைய காமிராக்கள் பயன்பட்டன. ஏட்டறிவில் பின்தங்கிய மாணவனும் இதன் இயற்பியலை உடனே புரிந்துகொண்டான்! இடக்கோடியில் நின்று, பிளவு தன்னைக் கடந்ததும் குனிந்து, வரிசைக்குப் பின்னால் ஓடி, வலக்கோடியில் போய் நின்றுகொண்டான். படத்தின் இரு முனையிலும் ஒரே முகம்.

கைப்பேசியின் அகலப்படமும் இதே முறையில்தான் உருவாகிறது. பிலிமும் பிளவும் இல்லை. ஆனால் நீங்கள் கைப்பேசியைத் திருப்பும்போது அது வரிசையாகப் பல படங்களை எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பட்டையை நறுக்கி, ஒன்றோடொன்று பொருத்தித் தைக்கிறது.

அன்று என் மாணவன் செய்த ஓட்டத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மாணவர்கள் என்னிடமிருந்து சுமார் 8 மீட்டர் தள்ளி, 150 பாகை அளவுள்ள வில்லாக நின்றார்கள். வட்டத்தின் சுற்றளவு சூத்திரத்தைப் போட்டால் வில்லின் நீளம் ஏறத்தாழ 21 மீட்டர் வருகிறது. வரிசைக்குப் பின்னால் ஓடுபவனுக்கு 23 மீட்டர் என்று கொள்ளலாம். விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் அவனுக்கு வேண்டிய நேரம் 8 விநாடிக்குக் கீழே. நான் எடுத்துக்கொண்டதோ 15 விநாடி. முதல் 2 விநாடி அசையாமல் நின்றாலும், ஓடி வந்து மூச்சு வாங்கிச் சட்டையைச் சரிசெய்துகொள்ள அவனுக்கு இன்னும் 5 விநாடி மிச்சம்! நானோ கைப்பேசித் திரையில் அப்போதைக்கு விழுந்த பட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மாணவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனைப் பார்க்க யாரும் இல்லை.

அகலப்படத்தின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே நேரத்தைச் சேர்ந்தவை அல்ல. படத்தில் இடமிருந்து வலம் போவது காலத்தில் முன்னிருந்து பின் போவதாகும். இதை மனத்தில் கொண்டால் இரண்டு ஆள் என்ற புதிர் மறைந்துவிடும். ஒரே ஆள் இரண்டு நேரத்தில் நிற்கிறான், அவ்வளவுதான்.

பின்னால் நிற்பவர் தெளிவாக விழுவது ஏன்?

இதுவரை பார்த்தது காலத்தில் உள்ள இடைவெளியைப் பயன்படுத்தும் குறும்பு. இடத்தில் உள்ள இடைவெளியைப் பயன்படுத்துவது இன்னொரு வகை. இதுவே நாம் அடிக்கடி காண்பது.

2014-இல் கிளாஸ்கோ நகரில் காமன்வெல்த் விளையாட்டுகள் நடந்தபோது, ஆஸ்திரேலிய ஹாக்கி வீராங்கனை ஒருவர் தோழியுடன் தம்மைத் தாமே படமெடுத்துக்கொண்டார். எடுத்த பின்னர் பார்த்தால், அவர்களுக்குப் பின்னால் இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத் புன்னகையோடு நிற்கிறார்! அரசி வேண்டுமென்றே செய்தாரா என்பது வேறு கதை. பின்னால் தொலைவில் இருந்தவரின் புன்னகைகூட அடையாளம் தெரியும்படி விழுந்தது எப்படி?

விடை லென்சின் குவியத் தூரத்தில் இருக்கிறது. எந்த லென்சும் ஒரே ஒரு தொலைவில் உள்ள பொருளைத்தான் மிகக் கூர்மையாகக் காட்டும். அதற்கு முன்னும் பின்னும் கூர்மை படிப்படியாகக் குறையும். கண்ணுக்குத் தெளிவாகவே தோன்றும் எல்லையைக் குவிய ஆழம் என்கிறோம். குவியத் தூரம் குறையக் குறைய இந்த ஆழம் மிக வேகமாகக் கூடுகிறது.

குவியத் தூரம் 50 மில்லிமீட்டர் உள்ள பழைய பிலிம் காமிராவின் லென்சை அகலத் திறந்துவைத்தால், முடிவிலி வரை தெளிவாகத் தெரியவேண்டுமானால் சுமார் 40 மீட்டருக்கு அப்பால் உள்ள பொருளில் குவிக்கவேண்டும். கைப்பேசி லென்சின் குவியத் தூரம் சுமார் 5 மில்லிமீட்டர். அதில் சுமார் 3 மீட்டரில் குவித்தாலே போதும், ஒன்றரை மீட்டரிலிருந்து மலை வரை எல்லாம் தெளிவாக விழும். பழைய காமிராவில் பின்னால் நின்ற குறும்புக்காரன் வெறும் மங்கல் உருண்டையாக விழுந்திருப்பான். இன்று அவன் நீட்டிய நாக்குகூடத் தெரிகிறது!

2009-இல் கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று நடந்தது. ஒரு தம்பதியர் ஏரிக்கரையில் காமிராவைப் பாறைமேல் வைத்துவிட்டு எட்டி உட்கார்ந்து, தொலைவிலிருந்தே அதை இயக்கித் தங்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். காமிராவின் ஒலியைக் கேட்ட தரை அணில் ஒன்று லென்சுக்கு முன்னால் வந்து நிமிர்ந்து நின்றது. தானே குவிக்கும் காமிரா, அருகில் வந்த அணிலைக் கூர்மையாகவும் பின்னால் இருந்த தம்பதியரை மங்கலாகவும் காட்டிவிட்டது. படம் உலகெங்கும் பரவியது. எது முக்கியம் என்பது காமிராவுக்குத் தெரியாது. அதற்குத் தொலைவு மட்டுமே தெரியும்.

தொலைவு உருவத்தின் அளவையும் மாற்றுகிறது. ஒரு பொருள் நம் கண்ணில் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பது, அதன் உயரத்தைத் தொலைவால் வகுத்துவரும் எண்ணைப் பொறுத்தது. கன்னியாகுமரியில் 133 அடி, அதாவது சுமார் 40 மீட்டர் உயரமுள்ள திருவள்ளுவர் சிலையை 500 மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். ஒரு மீட்டர் தொலைவில் நீட்டிய 8 சென்டிமீட்டர் விரலும் அந்தச் சிலையும் ஒரே உயரமாகத் தெரியும். 40-ஐ 500-ஆல் வகுத்தாலும் 0.08-ஐ 1-ஆல் வகுத்தாலும் விடை ஒன்றே அல்லவா? கடற்கரையில் பலர் சிலையை விரலால் பிடித்தாற்போலப் படமெடுத்துக்கொள்வது இந்த வகுத்தல் கணக்கை நம்பித்தான்.

வானத்திலிருந்து வரும் அழையா விருந்தாளி

மனிதரும் அணிலும் மட்டுமா படத்தில் நுழைகிறார்கள்? விண்மீன்களைப் படமெடுக்கும் வானியலாரின் தகட்டிலும் வேண்டாத கோடுகள் விழுவதுண்டு. தொலைநோக்கி விண்மீன்களைத் தொடர்ந்து நகர்ந்து நெடுநேரம் ஒளியைச் சேர்க்கிறது. விண்மீன்கள் புள்ளியாக விழுகின்றன. சூரியனைச் சுற்றிவரும் சிறுகோள் ஒன்று அவ்வழியே கடந்தால், அது விண்மீன்களுக்கு இடையே நகர்வதால் சிறு கோடாக விழுகிறது. பேச்சிப்பாறையில் ஓடிய மாணவனைப்போல, இதுவும் படம் எடுக்கும் நேரத்துக்குள் இடம் மாறியதன் அடையாளமே.

இந்தக் கோடுகளால் எரிச்சலுற்ற வானியலார் சிலர் சிறுகோள்களை ‘வானத்துப் பூச்சிகள்’ என்று திட்டினார்கள். ஆனால் 1891-இல் ஜெர்மானியரான மாக்சு வோல்ஃப் இதே கோட்டைக் கொண்டு ஒரு புதிய சிறுகோளைக் கண்டுபிடித்தார். புகைப்படத்தின் மூலம் கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அது. நம் தமிழ்நாட்டிலும் 1988-இல், சவ்வாது மலைப்பகுதியில் உள்ள காவலூர் வானாய்வகத்தில், இராஜமோகன் என்ற வானியலார் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்குக் கணிதமேதை இராமானுஜன் பெயர் சூட்டப்பட்டது. அதன் வரிசை எண் 4130. அந்த ஆய்வகம் எவர் பெயரைத் தாங்கியிருக்கிறதோ அந்த வைணு பாப்புவும், 1949-இல் அமெரிக்காவில் மாணவராக இருந்தபோது, தாம் எடுத்த வானப் படத்தில் எதிர்பாராமல் தென்பட்ட ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தவர்தான்.

படத்தில் அழையாமல் வந்ததைக் கண்டு ஒருவர் சலித்துக்கொள்கிறார். இன்னொருவர் “இது ஏன் வந்தது?” என்று கேட்கிறார். அறிவியல் இரண்டாமவரிடமிருந்து வளர்கிறது.

படத்தை விசாரிப்பது எப்படி?

வியப்பூட்டும் படம் ஒன்றை யாராவது காட்டினால் நீங்களும் துப்பறியலாம். நான்கு கேள்விகள் போதும். முதலாவது, இந்தப் படம் எடுக்க எவ்வளவு நேரம் ஆயிற்று? இருட்டில் எடுத்ததும் அகலமாக எடுத்ததும் நீண்ட நேரப் படங்கள். இரண்டாவது, மங்கலான உருவத்தின் வழியே பின்னால் உள்ள சுவர் தெரிகிறதா? தெரிந்தால் அவர் சிறிது நேரமே நின்றிருக்கிறார், அல்லது இரண்டு படங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. மூன்றாவது, பட்டைகள் சேருமிடத்தில் கோணல் உண்டா? அகலப்படத்தில் நாய் குறுக்கே ஓடினால் ஆறு கால் நாயோ தலையில்லா நாயோ கிடைக்கும். நான்காவது, நிழல் விழும் திசையும் ஒளி விழும் பக்கமும் எல்லாருக்கும் பொருந்துகிறதா?

இன்று இவற்றுக்கும் அடங்காத ஒரு வழி வந்துவிட்டது. ஒருவரை நடக்கவிடாமலே, அந்த ஊருக்கே போகவிடாமலே, கணிப்பொறியின் செயற்கை நுண்ணறிவு அவரைப் படத்தில் நிறுத்திவிடுகிறது. மம்லருக்குக் கண்ணாடித் தகடும் இருட்டறையும் வேண்டியிருந்தன. இன்று ஒரு கைப்பேசி போதும். ஆகவே ஐந்தாவது கேள்வியும் அவசியமாகிறது. இதை எடுத்தவர் யார்? அப்போது அங்கே இருந்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? படம் ஒரு சாட்சிதான். ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதலாகாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். வலக்கோடியில் அவன் வந்து நின்ற இடத்தில் ஏற்கெனவே ஒரு மாணவி நின்றிருந்தாள். அவன் தோளுக்குப் பின்னால் அவள் நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும் தெரிகின்றன. அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. முப்பத்தொன்பது பேருக்கு அது நினைவுப் படம். அவளுக்கு அப்படியன்று. படத்தில் ஒருவன் இரண்டு இடம் பிடித்தால் ஒருத்தியின் இடம் போகிறது. இதை அவனிடம் காட்டினேன். மறுநாள் அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறான். அணைப் பக்கத்தில், காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாராமல் ஓடியதற்கும் அவனுக்கு என்னிடம் தனியாகக் கிடைத்தது.

பாட்டியின் முறை

பாட்டிக்கு நான் என்ன சொன்னேன் என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்லிப் பயனில்லை என்று தோன்றியது. செய்து காட்டினேன். நீங்களும் உங்கள் வீட்டில் செய்யலாம்.

முற்றத்தின் நடுவில் நான் கைப்பேசியுடன் நின்றேன். பாட்டியை எனக்கு இடப்பக்கம் நாற்காலி அருகே நிறுத்தினேன். அகலப்படத்தைத் தொடங்கினேன். பாட்டியைக் கடந்து கைப்பேசி வாசற்படிப் பக்கம் திரும்பியதும், “இப்போது என் முதுகுக்குப் பின்னால் நடந்து அந்தப் பக்கம் போய் நில்லுங்கள்” என்றேன். பாட்டி ஓடவேண்டியதில்லை. நான்கு எட்டு நடந்தாலே போதும். அவர் வலப்பக்கம் போய்த் தூணைப் பிடித்து நிற்கும் வரை நான் மிக மெதுவாகத் திருப்பினேன். திருப்பும் வேகம் நம் கையில்தானே இருக்கிறது?

படத்தைக் காட்டினேன். நாற்காலி அருகே ஒரு பாட்டி, தூணருகே ஒரு பாட்டி. நடுவில் வாசற்படியில் வாயைப் பிளந்தபடி பேரன்.

பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு பேரன் பக்கம் திரும்பி, “லேய் மக்கா, நீ ஓடியில்லா போன. நான் நடந்தே போனேன் பாத்தியா?” என்றார்.